ஸ்லாப்பை உடைத்து பிரஸ் செய்த காமிக்ஸ்: வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் சார். நியூ ஜெர்சியில் ஐடி வேலையில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக மார்வெல் காமிக்ஸ் சேர்க்கிறேன். 2019இல் ஓர் ஏலத்தில் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழை வாங்கினேன். காமிக்ஸுக்குத் தரம் போடும் சிஜிசி நிறுவனம் பத்துக்கு 9.0 கிரேடு கொடுத்து, ஸ்லாப் என்கிற பிளாஸ்டிக் உறையில் மூடிய பிரதி. அட்டையில் விரல் பதிந்த பள்ளங்களும் லேசான நெளிவும் இருந்தன. போன வருடம் ஸ்லாப்பை உடைத்து, ஒருவரிடம் பிரஸ் செய்ய, அதாவது சூடும் அழுத்தமும் கொடுத்து நிமிர்த்த, கொடுத்தேன். மறுபடி சிஜிசிக்கு அனுப்பியதில் 9.4 வந்தது. வீடு வாங்கப் பணம் தேவைப்படுவதால் இப்போது அதை விற்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், 9.4க்கான சந்தை விலைக்கு ஒப்புக்கொண்டு 500 டாலர் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பிரஸ்ஸிங் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர், “சிஜிசியே அதை ரெஸ்டோரேஷன் (பழுதுபார்ப்பு) என்று சொல்வதில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரிதான். நீ ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாய்?” என்கிறார். என் மனைவி சொல்லிவிடச் சொல்கிறாள். இரண்டு கிரேடுக்கும் விலையில் சில ஆயிரம் டாலர் வித்தியாசம் இருக்கிறது. நான் என்ன செய்வது? என்னிடம் உள்ள மற்ற ஸ்லாப் புத்தகங்கள் பிரஸ் ஆனவையா என்றே எனக்குத் தெரியாது. அவற்றை விற்கும்போது என்ன சொல்வது? இன்னொன்று: ஊரில் அப்பா வைத்திருக்கும் பழைய முத்து காமிக்ஸ் சில சுருண்டு கிடக்கின்றன. இஸ்திரிப் பெட்டியால் நிமிர்த்தலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். மீதிப் பணம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காததால் சொல்லவில்லை என்பது இந்த விஷயத்தில் எடுபடாது. ஏனென்றால் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிரஸ் செய்தது தவறில்லை. முப்பது வருடமாகக் காகிதத்தோடு வேலை செய்கிறேன். முதலில் ஒரு நூலகத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன், அப்புறம் சொந்தமாகக் காமிக்ஸ் பிரஸ் செய்வதும் விற்பதும் தொழிலாகிவிட்டது. பிரஸ்ஸிங் கெட்டது என்று நினைத்திருந்தால் அந்த இயந்திரத்தை எப்போதோ விற்றிருப்பேன். செய்ததைச் சொல்லாமல் விற்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உங்கள் நண்பருக்கும் வாங்குபவருக்கும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும் என்பதால், என் மேஜையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு புத்தகம் வந்தால் அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை அட்டையின் ஓரத்தில் படுக்கை வசமாகப் பிடிப்பேன். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த அட்டை அப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் புத்தகத்தைப் புரட்டும்போது கட்டைவிரல் அழுத்திய இடம் பிறை வடிவத்தில் நிழல் கட்டும். முதுகுப்பக்கம் ஸ்டேப்பிள் பின்னைச் சுற்றிச் சின்னச் சின்ன மடிப்புக் கோடுகள் இருக்கும். அவற்றில் எது மை உடைந்து உள்ளே வெள்ளை நார் தெரியும் கோடு, எது மை உடையாத வெறும் வளைவு என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். மை உடைந்ததை எந்த பிரஸ்ஸும் சரிசெய்யாது. வளைவு மட்டும் என்றால் பெரும்பாலும் போய்விடும். உங்கள் ஹல்க் 9.0இலிருந்து 9.4க்கு ஏறியது என்றால், அதன் குறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையாகத்தான் இருந்திருக்கும்.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். ஈரப்பதம் ஏறினால் நார்களுக்கு இடையே உள்ள பிடி தளரும், சூடு பட்டால் இன்னும் தளரும். அந்த நேரத்தில் அழுத்தினால் நிமிரும். ஆறி உலரும்வரை எடையை எடுக்காமல் வைத்தால் அந்த நிலையிலேயே படிந்துவிடும். புத்தகத்தை ஈரக்காற்று உள்ள பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு சிலிக்கான் பூசிய ஒட்டாத தாள்களுக்கும் மட்டமான அட்டைகளுக்கும் நடுவில் கொடுத்து, புகைப்படங்களை அட்டையில் ஒட்டுவதற்காக உண்டான சூட்டு பிரஸ்ஸில் வைப்போம். சூடு பெரும்பாலும் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். சூடு காட்டுவது நிமிடக் கணக்கு. ஆறவிடுவதற்குத்தான் மணிக்கணக்கில் பொறுமை வேண்டும், சில புத்தகத்துக்கு ஒரு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் தாள் அலை அலையாகிவிடும்.

கைப்பழக்கம் இல்லாதவர் செய்தால் இதைவிட மோசமாகவும் போகும். ஈரம் மிஞ்சினால் ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கும். அழுத்தம் மிஞ்சினால் அந்தப் பின்னுக்கு அடியில் அட்டை கிழியும். சூடும் ஈரமும் கணக்குத் தப்பினால் அட்டை சுருங்கி, உள்தாள்கள் வலது ஓரத்தில் எட்டிப்பார்க்கும். அறுபதுகளின் மார்வெல் புத்தகங்கள் சிலவற்றை ஸ்லாப்புக்குள் அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாகச் செய்தாலும் எல்லாம் நிலைத்து நிற்கும் என்று சொல்ல முடியாது. குறிப்பாக, முதுகு ஒரு பக்கமாக உருண்டு போன புத்தகத்தை நிமிர்த்தினால், சில மாதங்களில் பழைய உருளல் கொஞ்சம் திரும்பி வருவது உண்டு. காகிதத்துக்கு ஞாபகம் உண்டு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார்.

இனி உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருவோம். பாதி சரி. 2000ஆம் ஆண்டு தொடங்கி, இப்போது புளோரிடாவின் சாரசோட்டாவில் இருக்கும் சிஜிசி, பிரஸ்ஸிங்கை ரெஸ்டோரேஷனாக எண்ணுவதில்லை. மங்கிய இடத்தில் நிறம் தீட்டியிருந்தாலோ, கிழிசலை ஒட்டியிருந்தாலோ, ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருந்தாலோ, ரெஸ்டோரேஷன் ஆனது என்று காட்டும் ஊதா லேபிள் பெரும்பாலும் வரும். பிரஸ்ஸிங்கில் புத்தகத்தோடு எதுவும் சேர்வதுமில்லை, புத்தகத்திலிருந்து எதுவும் போவதுமில்லை. ஒழுங்காகச் செய்ததைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால் வழக்கமான நீல லேபிள்தான். அந்த நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. கண்டுபிடிக்க முடியாததை லேபிளில் எழுதுகிறேன் என்று ஒரு நிறுவனம் ஆரம்பித்தால், மாட்டியவருக்கு மட்டும் தண்டனை என்றாகிவிடும். பிரஸ்ஸிங்கும் ரெஸ்டோரேஷனும் செய்துகொண்டிருந்த ஒரு டெக்சாஸ் நிறுவனத்தை, சிஜிசியின் தாய்க்குழுமமே 2012இல் வாங்கி சாரசோட்டாவுக்குக் கொண்டுவந்தது. பிறகு சிசிஎஸ் என்ற பெயரில் பிரஸ்ஸிங்குக்கும் அங்கேயே கொடுத்து, அப்படியே கிரேடிங்குக்கும் அனுப்பலாம் என்றானது. பிரஸ் செய்பவரும் மார்க் போடுபவரும் ஒரே குடும்பமா என்று அன்றே முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் செல்லும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒளித்துச் செய்யும் வேலை என்ற நிலையிலிருந்து பிரஸ்ஸிங் வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் நண்பர் விட்டுவிட்ட மீதிப் பாதி இதுதான். லேபிள் சொல்வது புத்தகம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும். நேற்றுவரை எப்படி இருந்தது, நடுவில் யார் கை வைத்தார்கள் என்பது அதன் வேலை இல்லை. இந்த விற்பனையில் அது தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். “சிஜிசி சொல்லவில்லையே” என்று நீங்கள் சொன்னால், தெரியாதவர் சொல்லாததைக் காட்டித் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வதாக ஆகும்.

இஸ்திரி உதாரணமும் இங்கே ஒட்டவில்லை. சட்டையில் இஸ்திரி போட்டதற்கும் போடாததற்கும் ஆயிரக்கணக்கில் விலை வித்தியாசம் கிடையாது. இதற்குப் பொருத்தமான உதாரணம் வேண்டுமென்றால் நீலக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் ‘கேவுடா’ என்று ஒரு கல் கிடைக்கும், பால் மாதிரி மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிக்கொண்டு போய், கடுமையான வெப்பத்தில் வைத்து எடுத்து, நல்ல நீலமாக்கி விற்றார்கள். அதுவும் நீலக்கல்தான், போலி இல்லை. உலகத்தில் விற்கும் நீலக்கல்லில் பெரும்பகுதி இன்று சூடு காட்டியதுதான். ஆனாலும் சூடு காட்டியதா இல்லையா என்று ஆய்வகச் சான்றிதழில் எழுதுகிறார்கள். சூடு காட்டாத கல்லுக்குத் தனி விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எஃப்டிசி, அதாவது வர்த்தகத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, நகை வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. கல்லுக்குச் செய்த வேலை நிரந்தரமானது இல்லையா? அந்த வேலையால் கல்லுக்குத் தனிக் கவனிப்பு தேவைப்படுகிறதா? அதனால் கல்லின் மதிப்பு கணிசமாக மாறுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் வாங்குபவரிடம் சொல்லவேண்டும் என்கிறது. காமிக்ஸுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது, தெரியும். ஆனால் அந்த மூன்று கேள்வியையும் உங்கள் ஹல்க்கிடம் கேட்டுப் பாருங்கள். நெளிவு திரும்பி வர வாய்ப்பு உண்டா? கொஞ்சம் உண்டு. பிரஸ் ஆன புத்தகத்தை ஈரமும் வெயிலும் படாமல் இன்னும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டுமா? எந்தப் பழைய காகிதத்துக்கும் வேண்டிய கவனிப்புதான், அதற்குமேல் இல்லை. மதிப்பு மாறியதா? சில ஆயிரம் டாலர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடைக்காரர் இப்படி ஒரு கல்லைச் சொல்லாமல் உங்கள் தலையில் கட்டினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இன்னொரு வாதமும் உங்கள் காதுக்கு வரும். கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவர் வருடக்கணக்காகக் காமிக்ஸ் வாங்கி அடுக்கி வைத்தார். 1977இல் அது வெளியே வந்தபோது, நாற்பதுகளின் புத்தகங்கள் நேற்று அச்சானவை போல இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கின் பாரமே அவற்றைத் தட்டையாக வைத்திருந்தது. “அடுக்கு செய்ததைத்தானே பிரஸ்ஸும் செய்கிறது?” என்பார்கள். காகிதத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அடுக்கு, விற்பதற்கு முந்தைய மாதம் விலையை ஏற்றுவதற்காக வைத்தது இல்லை. அந்தத் தொகுப்பின் புத்தகங்களையே பிற்காலத்தில் ஸ்லாப்பை உடைத்து எடுத்து, பிரஸ் செய்து, மறுபடி கிரேடிங்குக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டபோது பழைய சேகரிப்பாளர்கள் பலர் மனம் நொந்தார்கள். யாரும் கை வைக்காத புத்தகம் என்பதற்காகவே அதிக விலை கொடுப்பவர்கள் அவர்கள். உங்கள் அலுவலக நண்பரும் அப்படி ஒருவரா என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அவரிடம் சொல்லிப் பார்ப்பதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், எழுபதுகளின் மார்வெல் இதழ் ஒன்றை வாங்கி, ஸ்லாப்பை உடைத்து, பிரஸ் செய்து, ஒரு கிரேடு ஏற்றி ஒரு வாடிக்கையாளருக்கு விற்றேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கண்காட்சியில் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். ஓர் ஏல நிறுவனத்தின் பழைய பட்டியலில், அதே புத்தகத்தின் படம், முந்தைய கிரேடோடும் முந்தைய சான்று எண்ணோடும். எப்படி ஒரே புத்தகம் என்று கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அட்டையை மடித்தபோது கொஞ்சம் விலகியதால் முதுகோரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று, அது கீழே போகப் போக அகலமாகிறது. மேல் பின் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. பின்னட்டை விளம்பரத்தில் ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் கடுகளவு மைப்புள்ளி. மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். சத்தம் போடவில்லை. “சொல்லியிருந்தால் இதே விலைக்கு வாங்கியிருப்பேன்” என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை. அந்த மைப்புள்ளி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் ஹல்க்கும் ஓர் ஏலத்தில் வந்தது என்கிறீர்கள். அதன் முன்னட்டை, பின்னட்டைப் படங்கள் இரண்டும் பெரும்பாலும் அந்த ஏலத்தின் பழைய பதிவில் இருக்கும். 1974இல் 25 சென்ட்டுக்கு விற்ற புத்தகம்தான், ஆனால் வுல்வரின் என்ற புகழ்பெற்ற பாத்திரம் முழுமையாக வரும் முதல் இதழ் என்பதால் இதைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர். உள்ளே ஷானா என்ற பாத்திரத்தின் படம் போட்ட, வாசகர்கள் வெட்டிச் சேர்ப்பதற்கான மார்வெல் ஸ்டாம்ப் வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கண், ஸ்டேப்பிள் பின் சாய்ந்திருப்பதையும் பார்க்கும்.

மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காகச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் கண்டுபிடிக்க முடியாத புத்தகமாக இருந்தாலும் இதே பதில்தான். கண்டுபிடிக்க முடியாது என்ற துணிச்சலில் சிலர் இருப்பதால் சொல்கிறேன்.

சரி, எப்படிச் சொல்வது? குறுஞ்செய்தி வேண்டாம், போனில் கூப்பிடுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். “இந்தப் புத்தகம் முதலில் 9.0 கிரேடில் இருந்தது. நான்தான் ஸ்லாப்பை உடைத்து, பிரஸ் செய்யக் கொடுத்து, மறுபடி அனுப்பி 9.4 வாங்கினேன். முன்பே சொல்லியிருக்கவேண்டும். இது உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் அட்வான்ஸை இன்றே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.” இவ்வளவு போதும். ‘எல்லோரும் செய்வதுதான்’ என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள், அவர் கேட்டால் அப்போது விளக்கலாம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்பதால் அவர் சங்கடப்பட்டு ‘பரவாயில்லை’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் ஒரே அலுவலகம், ஒரே ஊர் என்றால் கட்டாயம் உண்டு. அதனால் அன்றே பதில் கேட்காமல் இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு, பேசியதை ஒரு வரியில் எழுதி மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு அவர் விற்கும்போது அந்த வரி அவருக்கும் உதவும்.

பிரஸ் செய்தவரிடம் ஒரு விஷயம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அழிப்பான் போட்டு அழுக்கு எடுத்தாரா? பின்னைக் கழற்றினாரா? உலர்ந்த முறையில் அழுக்கு எடுப்பதை சிஜிசி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னைக் கழற்றிப் பிரித்து மாட்டியது என்றால் அது வெறும் பிரஸ்ஸிங் இல்லை, அதன் கதையே வேறு. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அவரிடம் இருந்தால் வாங்கி அலுவலக நண்பருக்குக் கொடுங்கள். நான் என் வாடிக்கையாளர்களுக்கு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படத்தையும் இப்போது கேட்காமலே கொடுத்துவிடுகிறேன்.

விலையைக் குறைக்கவேண்டுமா? நீங்களாகக் குறைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. புத்தகம் இன்று 9.4தான், அதில் பொய் இல்லை. என் அனுபவத்தில், பிரஸ் ஆனது என்று எழுதி விற்கும் எழுபதுகளின் புத்தகத்துக்கு வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அதே விலைதான் கொடுக்கிறார்கள். எல்லாம் எப்படியும் பிரஸ் ஆகியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். சிலர் விலகிப்போவார்கள். உங்கள் அலுவலக நண்பர் அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால் வேறு ஆள் கிடைப்பார், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வீட்டுச் செலவு நெருக்குகிறது என்று புரிகிறது. ஆனாலும் தினமும் ஒரே கேன்டீனில் சாப்பிடும் ஆளிடம் இதை மறைத்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் முகம் பார்ப்பீர்கள்?

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. விற்கும் பொருளைப் பற்றிய முக்கியமான உண்மையைத் தெரிந்தே மறைப்பதையும் மோசடியாகப் பார்க்கும் நுகர்வோர் சட்டம் உங்கள் நியூ ஜெர்சியிலேயே இருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை விற்கும் தனி ஆளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். வாங்குபவர் நேரடியாகக் கேட்டு, நீங்கள் ‘பிரஸ் ஆகவில்லை’ என்று சொன்னால், அதற்குமேல் வாதிட எதுவும் இல்லை.

பழைய 9.0 லேபிள் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை சிஜிசிக்கு அனுப்பிவிடுங்கள். எந்த கிரேடில் எத்தனை பிரதிகள் உள்ளன என்று அவர்கள் வைத்திருக்கும் சென்சஸ் கணக்கில், உடைக்கப்பட்ட ஸ்லாப்பும் உயிரோடு இருப்பதாகவே நிற்கும். உங்கள் ஒரே புத்தகம் இப்போது அங்கே இரண்டாக இருக்கிறது. லேபிள் திரும்பி வந்தால் பழைய பதிவை எடுத்துவிடுவார்கள்.

அடுத்து, நடந்தது தெரியாத மற்ற புத்தகங்கள். இங்கே ‘தெரியாது’ என்பதே சரியான பதில். “இந்த ஸ்லாப்பில் இப்படியே வாங்கினேன். நான் எதுவும் செய்யவில்லை. அதற்கு முன் பிரஸ் ஆனதா என்று எனக்குத் தெரியாது” என்று விற்பனைக் குறிப்பிலேயே எழுதுங்கள். ‘பிரஸ் ஆகாதது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடையில் புதிதாக வாங்கிய நாளிலிருந்து ஒரே ஆள் கையில் இருந்த புத்தகம் என்றால் தவிர, அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. ஒரு புத்தகத்தை அதன் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கிரேடு ஏறியிருப்பது உங்களுக்கே தெரியவந்தால், அதற்குப் பிறகு ‘தெரியாது’ என்று எழுதக்கூடாது. 2000களில் நெட்வொர்க் ஆஃப் டிஸ்க்ளோஷர் என்று ஓர் அமைப்பே உருவானது. ரெஸ்டோரேஷனோடு பிரஸ்ஸிங்கையும் கேட்காமலே சொல்லிவிடுவோம் என்று விற்பனையாளர்களும் சேகரிப்பாளர்களும் அதில் சேர்ந்து உறுதி கொடுத்தார்கள். அது ஊர் முழுக்க வழக்கமாகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். நீங்களும் நானும் அந்தப்படி நடக்க அமைப்பு ஒன்றும் தேவையில்லை.

கடைசியாக அப்பாவின் முத்து காமிக்ஸ். தயவுசெய்து இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். சிவகாசியில் 1972இல் தொடங்கிய காலத்து இதழ்கள் என்றால் தாள் மலிவான நியூஸ்பிரின்ட், அமிலம் ஏறி ஏற்கனவே பழுப்பாகியிருக்கும். மடிப்பில் கை வைத்தாலே உதிரும். அதில் சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் நொறுங்கும். நீராவி பட்டால் பின்னின் துரு தாளில் இறங்கிவிடும், மேலட்டை மை பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும். மழைக்காலம் முடிந்து காற்று உலர்ந்த மாதத்தில் எடுத்து, இரண்டு சுத்தமான வெள்ளை அட்டைகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, மேலே சமமாகப் பாரம் ஏற்றி, ஈரமில்லாத அலமாரியில் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். டெலிபோன் டைரக்டரி கனத்தில் இரண்டு புத்தகம் போதும், அம்மிக்கல் வேண்டாம். முழுக்க நிமிராது, பாதி நிமிரும். துருப்பிடித்த பின்னை நீங்களே பிடுங்க முயற்சி செய்யாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பின் இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.